எக்ஸ்எம்எல்லில் இருந்து பிடிஎஃப்: ஜாவாவில் ஒரு பில் அச்சாகும் வரை

நான் ஜாவாவில் செய்த முதல் பில்லின் அடியில் மொத்தத் தொகை "# 48,250.00" என்று வந்தது. என் கணினியில் "₹ 48,250.00" என்று அழகாகத்தான் இருந்தது. சர்வரில் ஏற்றியதும் ரூபாய்க் குறி போய் வேலிக் குறி வந்துவிட்டது. இரண்டு நாள் ஜாவா நிரலைத் துழாவினேன். தப்பு அங்கே இல்லவே இல்லை.

இந்த வேலையில் சிக்கும் பெரும்பாலோர் அப்படித்தான் சிக்குகிறார்கள். ஒரு முனையில் தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் எக்ஸ்எம்எல், மறுமுனையில் பிடிஎஃப். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. அந்த நடுப்பகுதியைக் கண்ணால் பார்க்கப் பழகினால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நடுவில் இருக்கும் ஆவணம்

இது இரண்டு கட்ட வேலை. முதல் கட்டத்தில் உங்கள் தரவு எக்ஸ்எம்எல், ஒரு எக்ஸ்எஸ்எல்டி நடைதாள் (மாற்றும் விதிகள் எழுதிய கோப்பு) வழியாகப் போய் இன்னொரு எக்ஸ்எம்எல் ஆகிறது. அந்த இரண்டாவது எக்ஸ்எம்எல்லின் மொழிதான் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ, சுருக்கமாக எஃப்ஓ. பக்கம் எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு, இந்தப் பாராவுக்கு எந்த எழுத்துரு, இந்த அட்டவணைக்கு எத்தனை நெடுக்குப் பத்திகள் என்றெல்லாம் அதில் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் ஒரு ஃபார்மேட்டர் அதை வாசித்து, வரி உடைத்து, பக்கம் பிரித்து பிடிஎஃப் எழுதுகிறது.

எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999-ல். எஃப்ஓவைச் சொல்லும் எக்ஸ்எஸ்எல் 1.0 தரம் 2001-ல் வந்தது, 1.1 தரம் 2006-ல். அதற்குப் பிறகு புதிய தரம் எதுவும் இறுதியாகவில்லை. பழைய சரக்குதான், ஆனால் ரசீது, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, மின்கட்டணப் பட்டியல் போல ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்க வேண்டியவற்றுக்கு இன்றும் நன்றாக உழைக்கிறது. வண்ணமயமான விளம்பரத் தாள் வேண்டுமென்றால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வழியில் போவதே மேல். எஃப்ஓவில் அதைச் செய்யப் போனால் கை வலிக்கும்.

ஃபார்மேட்டராக நான் பயன்படுத்துவது அப்பாச்சி ஃபாப். இலவசம், அப்பாச்சி 2.0 உரிமம், வணிக வேலைக்கும் தடையில்லை.

எதெல்லாம் வேண்டும்

ஜாவா நூலகங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் மேவனில் ஃபாப் நூலகம் ஒன்றைச் சேர்த்தால் போதும். படங்களுக்கான பாட்டிக் உட்பட மற்றவை தாமாகவே கூட வரும். 2-ம் வரிசைப் பதிப்புகளில் ஒன்றை எடுங்கள். 1-ம் வரிசைக்கும் 2-ம் வரிசைக்கும் ஃபாப்பை ஆக்கித் தரும் ஃபாப்ஃபேக்டரி வகுப்பை உருவாக்கும் முறையே மாறிவிட்டது. பழைய எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டினால் கம்பைல் ஆகாது.

எக்ஸ்எஸ்எல்டி எஞ்சின் ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது 1.0 வரைதான். 2.0, 3.0 வசதிகள் வேண்டுமென்றால் சாக்ஸன் எச்இ நூலகத்தையும் சேர்க்க வேண்டும். ஏன் அது தேவைப்படலாம் என்று எண்கள் வரும் இடத்தில் சொல்கிறேன்.

தரவு எக்ஸ்எம்எல்

ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையின் பில்லை எடுத்துக்கொள்வோம். மூல உறுப்பு "பில்". அதற்குள் எண், தேதி, வாங்கியவர் பெயர், முகவரி. பிறகு "வரிகள்" என்ற உறுப்புக்குள் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு "வரி": பொருள், அளவு, விலை, தொகை. கடைசியில் மொத்தம். எக்ஸ்எம்எல் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம், தடையில்லை. குழுவில் எல்லோருக்கும் தமிழ்த் தட்டச்சு வருமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, எக்ஸ்எம்எல்லைச் சரம் சரமாக ஒட்டித் தயாரிக்காதீர்கள். வாடிக்கையாளர் பெயரில் ஒரு "&" இருந்தால் போதும், மொத்தமும் உடைந்துவிடும். ஜாவாவின் எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரைட்டர் மூலம் எழுதினால் இந்தக் குறிகளை அதுவே மாற்றிக்கொள்ளும். ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) பயன்படுத்துபவர்கள், ஜாவா 11-ல் இருந்து அது உடன் வருவதில்லை என்பதால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கை நடைதாளில் போடாதீர்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0-வில் எண் என்றாலே மிதவைப் புள்ளி எண்தான். அளவையும் விலையையும் பெருக்கி, கூட்டி, டாக்ஸ் போட்டால் எங்கோ ஒரு காசு இடிக்கும். அந்த ஒரு காசுக்காகக் கணக்காளர் உங்களை ஒரு வாரம் விடமாட்டார். தொகை, டாக்ஸ், மொத்தம் எல்லாவற்றையும் ஜாவாவில், தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் கொண்டு கணக்கிட்டு, முடிந்த எண்ணாக எக்ஸ்எம்எல்லில் வையுங்கள். நடைதாளின் வேலை அடுக்கிக் காட்டுவது மட்டும்.

பக்கத்தை வரைவது

நடைதாளில் "பில்" உறுப்புக்கு ஒரு டெம்ப்ளேட், அதாவது அந்த உறுப்பு வந்தால் என்ன எழுத வேண்டும் என்ற விதி. அது எழுதித் தள்ள வேண்டியது எஃப்ஓவின் "ரூட்". ரூட்டுக்குள் இரண்டு பெரிய பகுதிகள்: "லேஅவுட்-மாஸ்டர்-செட்", அப்புறம் "பேஜ்-சீக்வென்ஸ்". முதலாவது காகிதத்தின் வரைபடம், இரண்டாவது அதில் ஊற்றும் சரக்கு.

வரைபடத்தில் ஒரு "சிம்பிள்-பேஜ்-மாஸ்டர்" வையுங்கள். ஏ4 அளவு: அகலம் 210 மிமீ, உயரம் 297 மிமீ. நான்கு பக்கமும் 15 மிமீ ஓரம். அதற்கொரு பெயர் கொடுத்து, பேஜ்-சீக்வென்ஸில் அதே பெயரைக் குறிப்பிட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ஃபாப் முரண்டுபிடிக்கும்.

பேஜ்-மாஸ்டருக்குள் முதலில் "ரீஜன்-பாடி", பிறகு "ரீஜன்-பிஃபோர்", "ரீஜன்-ஆஃப்டர்". வரிசை முக்கியம். தலைப்பகுதி மேலே வருவதால் ரீஜன்-பிஃபோரை முதலில் எழுதத் தோன்றும். எழுதினால் பிழை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது: ரீஜன்-பிஃபோருக்கு 25 மிமீ உயரம் கொடுத்ததாலேயே ரீஜன்-பாடி அதற்குக் கீழே தொடங்கிவிடாது. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி, கடைப் பெயரின் மேல் பில் எண் ஏறி உட்கார்ந்திருக்கும். ரீஜன்-பாடிக்குத் தனியாக மேல் ஓரம் 30 மிமீ கொடுங்கள். 25 தலைப்புக்கு, 5 இடைவெளிக்கு. கீழ்ப்பகுதிக்கும் இதே கணக்கு.

பேஜ்-சீக்வென்ஸுக்குள் முதலில் "ஸ்டேடிக்-கன்டென்ட்"கள் வரும். எல்லாப் பக்கத்திலும் திரும்ப வரவேண்டிய கடைப் பெயர், லோகோ, பக்க எண் இவையெல்லாம் அங்கே. அதற்குப் பின்னரே "ஃப்ளோ". பக்கம் பக்கமாக ஓடவேண்டிய சரக்கு அதில்.

"பக்கம் 2 / 5" என்று போட வேண்டுமா? "பேஜ்-நம்பர்" இப்போதைய பக்க எண்ணைத் தரும். மொத்தப் பக்கங்களுக்கு ஒரு சின்ன உத்தி: ஃப்ளோவின் கடைசியில் ஒரு வெற்று ப்ளாக் (உரையை வைக்கும் பெட்டி) வைத்து அதற்கு ஓர் ஐடி கொடுங்கள். கீழ்ப்பகுதியில் "பேஜ்-நம்பர்-சைடேஷன்" போட்டு அந்த ஐடியைச் சுட்டினால், அது விழுந்த பக்கத்தின் எண் கிடைக்கும். ஒரே பிடிஎஃப்பில் பல பில்கள் போட்டால் ஐடி திரும்ப வரக்கூடாது. எக்ஸ்எஸ்எல்டியின் ஜெனரேட்-ஐடி செயற்கூறு ஒவ்வொரு பில்லுக்கும் தனி ஐடி தரும். ஒவ்வொரு பேஜ்-சீக்வென்ஸிலும் தொடக்கப் பக்க எண்ணை 1 என்று வைக்க மறக்க வேண்டாம்.

அட்டவணை: பில்லின் உயிர்

ஃபாப் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பத்தி அகலத்தைத் தானாகக் கணிக்காது. டேபிள்-லேஅவுட்டை "ஃபிக்ஸட்" என்று வைத்து, அகலம் 100% கொடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் அளவை நீங்களே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஓரம் போக 180 மிமீ இருக்கிறது. வரிசை எண்ணுக்கு 12, பொருளுக்கு 88, அளவுக்கு 20, விலைக்கு 28, தொகைக்கு 32. கூட்டிப் பார்த்தால் சரியாக 180. எண் வரும் பத்திகளை வலப்பக்கம் ஒதுக்குங்கள்.

"டேபிள்-ஹெட்டர்" அடுத்தடுத்த பக்கங்களில் தானாகத் திரும்ப வரும். "டேபிள்-ஃபூட்டர்" எஃப்ஓவில் டேபிள்-பாடிக்கு முன்னால் எழுதப்பட வேண்டும், அச்சில் கீழே வந்தாலும். அதுவும் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும். மொத்தத் தொகையை அதில் வைத்தால் முதல் பக்கத்திலேயே மொத்தம் தெரியும், வாடிக்கையாளர் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். பக்கம் உடையும்போது ஃபூட்டரை விட்டுவிடு என்று சொல்ல ஒரு பண்பு இருக்கிறது: "டேபிள்-ஆமிட்-ஃபூட்டர்-அட்-பிரேக்". அதை "ட்ரூ" ஆக்கினால் கடைசிப் பக்கத்தில் மட்டும் வரும்.

ஒரு சரக்கின் விவரம் இரண்டு வரி ஓடும்போது பாதி ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் போய்விடக்கூடாது. அதற்குக் "கீப்-டுகெதர்" பண்பு. இதை வெறுமனே "ஆல்வேஸ்" என்று வைத்தால், பக்கத்துக்குள் மட்டுமல்ல, வரிக்குள்ளும் சேர்த்தே வை என்று பொருளாகிவிடும். நீளமான பொருள் பெயர் மடங்காமல் பக்கத்துப் பத்தியைத் தாண்டி ஓடும். "கீப்-டுகெதர்.விதின்-பேஜ்" என்று புள்ளி வைத்து முழுசாக எழுதுங்கள். நான் இதற்கு ஒரு மாலை முழுக்கக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், வெறுமை. எஃப்ஓவில் டேபிள்-செல் ஒன்றுக்குள் குறைந்தது ஒரு ப்ளாக்காவது இருக்க வேண்டும், டேபிள்-பாடிக்குள் குறைந்தது ஒரு வரிசையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபாப் அங்கேயே நின்றுவிடும். சோதனைத் தரவில் எப்போதும் நான்கைந்து வரிகள் இருக்கும், அதனால் தெரியாது. நாங்கள் ஒருமுறை இரவோடு இரவாக ஓடும் மாதக் கணக்கு அறிக்கையை விட்டோம். அந்த மாதம் எதுவுமே வாங்காத ஒரே ஒரு வாடிக்கையாளரால் மொத்த வேலையும் நடுவில் நின்றது. வரிகள் இருக்கிறதா என்று எக்ஸ்எஸ்எல்டியில் "சூஸ்" போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் "இந்த மாதம் கொள்முதல் இல்லை" என்று ஒரு ப்ளாக் போதும்.

ஜாவா பக்கம்

எதிர்பார்ப்பதைவிடச் சின்னது. ஐந்தாறு வரிக்குள் முடிந்துவிடும்.

முதலில் ஃபாப்ஃபேக்டரி. அதன் நியூஇன்ஸ்டன்ஸுக்கு ஃபாப்பின் அமைவுக் கோப்பைக் கொடுங்கள். லோகோ போன்றவற்றின் பாதை அந்தக் கோப்பு இருக்கும் அடைவை வைத்துக் கணக்கிடப்படும். அடுத்து வெளியீட்டு ஸ்ட்ரீம். அதைப் பஃபர்டு ஸ்ட்ரீமுக்குள் போர்த்துங்கள், ஃபாப் துண்டு துண்டாக எழுதுவதால் வேகத்தில் வித்தியாசம் தெரியும். பிறகு ஃபேக்டரியிடம் நியூஃபாப் கேளுங்கள், பிடிஎஃப் வகையையும் ஸ்ட்ரீமையும் சொல்லி.

மறுபக்கம், டிரான்ஸ்ஃபார்மர்ஃபேக்டரியிடம் நடைதாளைக் கொடுத்து டெம்ப்ளேட்ஸ் பொருளாகத் தொகுத்து வையுங்கள். அதிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இப்போது இரண்டையும் இணைக்கும் குழாய்: ஃபாப்பிடம் கெட்டிஃபால்ட்ஹேண்ட்லர் கேட்டு, அதைச் சாக்ஸ்ரிசல்ட்டுக்குள் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் டிரான்ஸ்ஃபார்ம் முறைக்கு மூலமாக எக்ஸ்எம்எல்லையும் இலக்காக இந்த சாக்ஸ்ரிசல்ட்டையும் கொடுத்தால் முடிந்தது. நடு ஆவணம் வட்டில் எழுதப்படாமலே எக்ஸ்எஸ்எல்டியில் இருந்து ஃபாப்புக்குள் ஓடிவிடும். ஸ்ட்ரீமை மூட மறக்காதீர்கள். மூடாத பிடிஎஃப் திறக்காது.

எதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதில் பலருக்குக் குழப்பம். ஃபாப்ஃபேக்டரி ஒன்று, டெம்ப்ளேட்ஸ் ஒன்று: இரண்டையும் செயலி தொடங்கும்போது உருவாக்கி எல்லா த்ரெட்டுகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஃபாப், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் ஒவ்வொரு பில்லுக்கும் புதிது. ஒவ்வொரு பில்லுக்கும் ஃபேக்டரியையும் புதிதாக உருவாக்குவது, ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பைப் புதிதாகக் கட்டுவது போல.

எக்ஸ்எம்எல்லை வாசிக்கும்போது ரீடர் கொடுக்காமல் இன்புட்ஸ்ட்ரீம் கொடுங்கள். அப்போதுதான் பார்ஸர் எக்ஸ்எம்எல்லின் முதல் வரியில் சொன்ன குறிமுறையைப் பார்த்து வாசிக்கும். ரீடர் கொடுத்தால், அதை நீங்கள் எந்தக் குறிமுறையில் திறந்தீர்களோ அதுவே சட்டம். தமிழ் முழுக்க அலங்கோலமாக வருவதற்கு இது ஒரு பழைய காரணம்.

எக்ஸ்எம்எல் வெளியாட்களிடமிருந்து வந்தால் வெளி டிடிடி (எக்ஸ்எம்எல்லின் கட்டமைப்பைச் சொல்லும் கோப்பு) அணுகலை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் அனுப்பும் எக்ஸ்எம்எல் உங்கள் சர்வரில் இருக்கும் கோப்பைப் படித்துப் பில்லில் அச்சடித்துக்கொள்ள முடியும். அணைக்கப் போகும்போது "நாட் சப்போர்ட்டட்" என்று எக்ஸெப்ஷன் வந்தால், கிளாஸ்பாத்தில் ஸலான் என்ற பழைய எக்ஸ்எஸ்எல்டி எஞ்சின் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஜாவா 9 முதல் இருக்கும் நியூடிஃபால்ட்இன்ஸ்டன்ஸ், ஜாவாவோடு வரும் எஞ்சினையே எடுத்துத் தரும்.

எழுத்துரு, வேலிக் குறி, தமிழ்

இப்போது அந்த "#". பிடிஎஃப்பில் ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் உள்ளிட்ட 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஃபாப் அவற்றைத்தான் எடுக்கும். அவற்றில் தமிழ் இல்லை. ₹ குறியும் இல்லை. அது யூனிகோடில் சேர்ந்ததே 2010-ல்தான். எழுத்து கிடைக்காத இடத்தில் ஃபாப் "#" போட்டு, பதிவேட்டில் "இந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை" என்று ஓர் எச்சரிக்கையும் எழுதும். நான் அந்தப் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை.

சரி, என் கணினியில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அமைவுக் கோப்பில் "ஆட்டோ-டிடெக்ட்" போட்டிருந்தேன். கணினியில் நிறுவியுள்ள எழுத்துருக்களை எல்லாம் ஃபாப் தேடி எடுத்துக்கொண்டது. சர்வரில் அந்த எழுத்துரு இல்லை. அவ்வளவுதான் கதை.

ஆகவே ஆட்டோ-டிடெக்டை நம்ப வேண்டாம். எழுத்துருக் கோப்பையே, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழ், திட்டத்துக்குள் வைத்துவிடுங்கள். அமைவுக் கோப்பில் பிடிஎஃப் ரெண்டரரின் கீழ் "ஃபான்ட்" உறுப்பு ஒன்று போட்டு, "எம்பெட்-யுஆர்எல்"லில் கோப்பின் பாதையைக் கொடுங்கள். உள்ளே "ஃபான்ட்-ட்ரிப்லட்": பெயர், சாய்வு, தடிமன். தடித்த எழுத்து தனிக் கோப்பு, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். சாதாரணத்தை மட்டும் பதிந்துவிட்டுத் தலைப்பில் தடிமன் கேட்டால் தடிமன் வராது. நடைதாளின் ஃபான்ட்-ஃபேமிலியில் தமிழ் எழுத்துருவையும் ஆங்கில எழுத்துருவையும் கமா போட்டு எழுதலாம், சொல்லுக்கு ஏற்றதை ஃபாப் தேர்ந்தெடுக்கும்.

தமிழுக்கு எழுத்துரு மட்டும் போதாது. "கெ" என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினியில் அது க-வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றி வைக்கும் வேலையைச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பகுதி செய்கிறது. ஃபாப்பில் அது 1.1 பதிப்பில் வந்தது, இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். வேகத்துக்காக யாராவது அணைத்து வைத்திருந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

புது எழுத்துரு போட்டதும் நான் முதலில் அச்சடிப்பது ஒரே ஒரு வரி: "பெயர், கொடுக்கல், போலி, கௌரி, ஸ்ரீ". இது சரியாக வந்தால் மற்றதை நம்பலாம். கொ, கோ, கௌ வரிசையில் மட்டும் கோளாறு என்றால் தரவைப் பாருங்கள். "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், "ெ", "ா" என்று இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, ஆனால் எல்லா எழுத்துருவும் எல்லாக் கருவியும் இரண்டையும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. ஜாவாவின் நார்மலைஸர் கொண்டு எது சரியாக அச்சாகிறதோ அந்த வடிவத்துக்கு எல்லாத் தரவையும் மாற்றிவிடுங்கள். ஔகாரக் குறியில் ள எழுத்தையே தட்டி வைத்திருக்கும் தரவும் நிறைய உண்டு. அதை எந்தக் கருவியும் திருத்தாது, தேடித்தான் மாற்ற வேண்டும்.

லட்சத்துக்குக் கமா

12,50,000 என்று வரவேண்டிய இடத்தில் 1,250,000 என்று வந்தால் நம் ஊர்க் கணக்குப் பிள்ளைக்குப் பிடிக்காது. ஃபார்மட்-நம்பர் செயற்கூறுக்கு "#,##,##0.00" என்று வடிவம் கொடுத்தாலும் ஜாவாவோடு வரும் எக்ஸ்எஸ்எல்டி எஞ்சின் கடைசிக் கமாவுக்குப் பின்னால் இருக்கும் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மும்மூன்றாகவே பிரிக்கும். சாக்ஸன் போட்டு எக்ஸ்எஸ்எல்டி 2.0 என்று வைத்தால், "#,##,##,##0.00" என்ற வடிவத்தில் கமா இருக்கும் இடத்திலேயே கமா விழும். அல்லது ஜாவாவிலேயே கமா போட்டு எக்ஸ்எம்எல்லில் சரமாக வைத்துவிடலாம். ஒரே ஒரு பில்லுக்காகச் சாக்ஸனை இழுக்க மனமில்லை என்றால் இதுவே சுலபம்.

எங்கே உடைந்தது என்று பார்ப்பது

பிடிஎஃப் தப்பாக வந்தால் ஜாவாவைத் திறக்காதீர்கள், எஃப்ஓவைத் திறங்கள். சாக்ஸ்ரிசல்ட்டுக்குப் பதில் ஸ்ட்ரீம்ரிசல்ட் கொடுத்தால் நடு ஆவணம் ஒரு கோப்பாக வட்டில் விழும். ஃபாப்பின் கட்டளை வரிக் கருவியிலும் "ஃபோஅவுட்" என்ற தேர்வு இதையே செய்யும். அதில் "₹" சரியாக இருந்து பிடிஎஃப்பில் "#" என்றால் எழுத்துரு. எஃப்ஓவிலேயே வாடிக்கையாளர் பெயர் இல்லையென்றால், நடைதாளில் தரவைச் சுட்டும் பாதையான எக்ஸ்பாத். தரவு எக்ஸ்எம்எல்லில் ஒரு நேம்ஸ்பேஸ் (உறுப்புப் பெயர்களின் குடும்பப் பெயர்) இருந்து நடைதாளில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எந்த டெம்ப்ளேட்டும் பொருந்தாது, எக்ஸ்எஸ்எல்டி ஒரு பிழையும் சொல்லாது, ஆவணம் வெறுமையாக இருக்கிறது என்று ஃபாப்தான் நின்றுவிடும். எஃப்ஓவைக் கையால் திருத்தி ஃபாப்புக்குக் கொடுத்துப் பார்த்து, சரியானதும் அந்தத் திருத்தத்தை நடைதாளுக்குக் கொண்டு போவதுதான் வேகமான வழி.

ஃபாப்பின் எச்சரிக்கைகளில் "14173 மில்லிபாயிண்ட் அளவுக்கு வெளியே வழிகிறது" என்பது போல ஒன்று வரும். மில்லிபாயிண்ட் என்றால் ஒரு பாயிண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 72 பாயிண்ட் ஓர் அங்குலம். அந்த 14173 என்பது 5 மிமீ. பத்தியை 5 மிமீ அகலமாக்கினால் தீர்ந்தது. இடைவெளியே இல்லாத நீண்ட பொருள் குறியீடு எண் என்றால், நடுநடுவே பூஜ்ய அகல இடைவெளி எழுத்தைச் செருகினால் அங்கே வரி மடங்கும்.

ஆயிரக்கணக்கில் போகும்போது

ஃபாப் ஒரு பேஜ்-சீக்வென்ஸ் முடிந்ததும் அதன் நினைவகத்தை விட்டுவிட முடியும். எனவே 3,000 பில்களை ஒரே ஃப்ளோவில் பக்க முறிவு போட்டு அடுக்காமல், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பேஜ்-சீக்வென்ஸ் வையுங்கள். "மொத்தம் எத்தனை பக்கம்" என்பதும் நினைவகத்தைத் தின்னும், ஏனென்றால் விடை தெரியும்வரை அந்தப் பக்கங்களை ஃபாப் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தந்தப் பில்லின் கடைசிப் பக்கத்தைச் சுட்டினால் பாதிப்பில்லை. மொத்தத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தைச் சுட்டினால் முதல் பக்கம்கூடக் கடைசிவரை காத்திருக்கும்.

தானியங்கிச் சோதனை எழுதுபவர்கள் இரண்டு பிடிஎஃப்களை பைட்டுக்கு பைட் ஒப்பிட்டுத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். உருவான நேரம் உள்ளே எழுதப்படுவதால் ஒரே தரவுக்குக்கூட இரண்டு முறை இரண்டு விதமாக வரும். எஃப்ஓவை ஒப்பிடுங்கள், அது மாறாது. பிடிஎஃப்புக்கு, ஃபாப்பின் எச்சரிக்கைகளை ஈவன்ட்லிஸனர் மூலம் பிடித்து, எழுத்து கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை ஒன்று வந்தாலும் சோதனை தோற்கும்படி வைத்திருக்கிறேன். அன்று அது இருந்திருந்தால் "# 48,250.00" கடை வாசலைத் தாண்டியிருக்காது.